எந்த வளவுக் காளான்?

எங்கள் மாதா கோயிலில் யாரைக் கேட்டாலும் அக்னெஸ் கோபக்காரி என்றுதான் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவள் கையால் சோறு தின்றவர்கள். கனடாவுக்கு வந்து இறங்கிய புதிதில் அவளுடைய கட்டிலில் படுத்தவர்கள். கட்டிலைக் கொடுத்துவிட்டு அவள் ஹோலில் பாயை விரித்துப் படுத்தாள். அந்த நாட்களில் அவள் கோபக்காரி என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

அக்னெஸ் எனக்கு மச்சாள், என் அண்ணனின் மனைவி. பள்ளிக்கூடத்தில் நானும் அவளும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் என்பதால் எனக்கு அவள் எப்போதும் ‘அவள்’தான், ‘அவர்’ இல்லை. அண்ணனின் பெயர் அருமைநாதன். மொன்றியலில் அந்தப் பெயரைச் சொன்னால் ஆளைப் பிடிக்க முடியாது, மைக் அருமை என்று கேட்க வேண்டும். சொந்தமாக மைக், அம்பிளிஃபயர், ஆளுயர ஸ்பீக்கர் எல்லாம் வைத்திருக்கிறார். கல்யாணமா, முதல்நன்மையா, செத்தவீட்டு முப்பத்தோராம் நாளா, நாலு தமிழர் கூடுகிற இடத்தில் அண்ணனின் குரல் கேட்கும். கூலி வாங்க மாட்டார். முடிந்ததும் நின்றவர்களை எல்லாம் வீட்டுக்கு வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று கூப்பிடுவார். சமைப்பது யார் என்ற கவலை கூப்பிடுகிறவருக்கும் இல்லை, வருகிறவர்களுக்கும் இல்லை. ஒருவர் ஊருக்கு நல்ல பிள்ளையாக இருப்பதற்கு வீட்டில் ஒருத்தி மாடாய் உழைக்க வேண்டியிருக்கிறது. என் கூடப் பிறந்தவரைப் பற்றித்தான் இப்படி எழுதுகிறேன். எனக்கு அதில் வெட்கமில்லை, வெட்கப்பட வேண்டியவர் அவர்.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு, மே மாதம். அக்னெஸ் அப்போது கர்க்லாண்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் சட்டி பானை கழுவிக்கொண்டிருந்தாள். வாரம் முழுதும் அங்கே கழுவிவிட்டு சனிக்கிழமைதான் காலை நீட்டுவாள். அந்தச் சனிக்கிழமை ரொரன்ரோவிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். கீழே கதவு மணி அடித்த பிறகுதான் அண்ணன் விஷயத்தைச் சொன்னார். “கொஞ்சப் பேர்தான், மத்தியானச் சாப்பாடு மட்டும் போதும்” என்றாராம். அக்னெஸ் அடுப்பை அணைத்துவிட்டுக் காலில் சப்பாத்தை மாட்டினாள்.

“எங்கை போறீர்?”

“தெரியாது.”

வந்த பஸ்ஸில் ஏறி அது போகிற கடைசித் தரிப்பு வரை போனாள். அது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ, மொன்றியல் தீவின் மேற்கு நுனி. இறங்கி நடந்தாள். வீடுகள் முடிந்து, வேலி சாய்ந்த பழைய அப்பிள் தோட்டம் ஒன்று வந்தது. தோட்டத்துக்குப் பின்னால் ஒரு சரிவு. அங்கே எல்ம் மரங்கள் நோய் பிடித்து, பட்டை கழன்று, இலையில்லாமல் நின்றன. விழுந்து கிடந்த ஒரு மரத்தில் குந்தியிருந்து அழுதிருக்கிறாள். அழுது முடித்து மூக்கைச் சீறக் குனிந்தபோது காலடியில் ஏதோ கிடந்தது. யாரோ ஆட்டுக் குடலைக் கழுவி எறிந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். தொட்டுப் பார்த்தால் குடல் இல்லை, காளான். மண்ணிறத்தில், விரல் நீளத்தில், தேன்வதை போல அறை அறையாக இருந்தது.

மச்சாள் கோபக்காரியாக இருக்கலாம், மொக்கு இல்லை. வாயில் வைக்கவில்லை. ஒன்றைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போய் வேலையிடத்துச் சமையற்காரனிடம் காட்டினாள். அவன் “மொறில்!” என்று கத்திக்கொண்டு அவளைக் கட்டிப்பிடிக்க வந்தானாம், அந்தக் காளானின் பெயர் அது. நீளவாட்டில் வெட்டிப் பார், உச்சியிலிருந்து அடி வரை உள்ளே வெறுங்கூடாக இருந்தால்தான் அது நல்லது என்றான். பச்சையாகத் தின்றால் வயிற்றைப் பிடுங்கும், நன்றாக வேகவிடு என்றான். கடைசியாக, கிடைத்த இடத்தைப் பெற்ற தாய்க்கும் சொல்லாதே என்றான். எங்கே கிடைத்தது என்று அவன் அவளைக் கேட்கவேயில்லை. அந்த மரியாதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஆட்கள் மீது எரிச்சல் இன்னும் கூடுகிறது.

மறுமுறை போனபோது தோட்டத்து வாசலில் நாயோடு ஒரு கிழவி நின்றாள். தோட்டமும் சரிவும் அவளுடையவை. அக்னெஸ் அவளை மதாம் என்றுதான் எங்களுக்குச் சொல்வாள், பெயரைச் சொன்னதில்லை. அக்னெஸுக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுக்கச் சமையலறைப் பிரெஞ்சு. கத்தி, சட்டி, சூடு, கவனம். அதை வைத்துக்கொண்டு, உள்ளே வந்து காளான் பொறுக்கலாமா என்று கேட்டுவிட்டாள். மதாம் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீ மட்டும் வருவதென்றால் வா என்றாளாம். வேறு யாரையும் கூட்டி வரமாட்டேன் என்று அக்னெஸ் சொல் கொடுத்தாள். கொடுத்த சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். ஒவ்வொரு வசந்தத்திலும் முதலில் மதாமின் கதவைத் தட்டி, தான் பொரித்த றோல்ஸ் ஒரு பெட்டி கொடுப்பாள். திரும்பி வரும்போது ஒரு கை காளானைப் படியில் வைத்துவிட்டு வருவாள்.

என்னைக்கூட அவள் அங்கே கூட்டிப் போனதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் அந்தச் சரிவைப் பற்றி அவள் கதைக்கக் கேட்டிருக்கிறேன். ஒரு காளான் கண்ணில் பட்டால் அப்படியே நின்றுவிட வேண்டுமாம், அடுத்த அடி வைத்தால் இன்னொன்று மிதிபடும். பிறகு மெதுவாகக் குந்தி, நிலத்தோடு நிலமாகக் கண்ணை வைத்துப் பார்த்தால், இல்லை என்று நினைத்த இடமெல்லாம் எழும்பி நிற்குமாம். சின்னதைத் தொடமாட்டாள். பெரியதைப் பிடுங்காமல் அடியில் கத்தியால் அறுத்துத் துணிப்பையில் போடுவாள். “அங்கை ஒருத்தரும் என்னட்டைத் தேத்தண்ணி கேக்கிறேல்லை” என்று ஒருமுறை சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் கண்டது குறைவு.

வீட்டுக்குக் கொண்டுவந்து உப்புத் தண்ணீரில் ஊறவிட்டுப் பூச்சியைப் போக்கி, வெங்காயம் பச்சைமிளகாயோடு நன்றாக வதக்கி, மஞ்சள் போட்டு, தடித்த தேங்காய்ப்பாலில் வேகவிட்டு ஒரு பால்கறி வைப்பாள். வருடத்தில் ஒரு தடவை. மிச்சத்தை நூலில் கோத்து ஹீற்றருக்கு மேலே காயப்போடுவாள். அண்ணன் சட்டியை வழித்துத் தின்றுவிட்டு, இதை நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும் என்பார். நாலு பேர் இல்லாமல் அவருக்கு எதுவும் இறங்காது.

இரண்டாயிரத்து ஐந்தில் அக்னெஸுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. பஸ்ஸில் போய் நடக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் அண்ணனின் காரில் போனாள். அவரை றோட்டிலேயே நிற்கவிட்டுத்தான் உள்ளே போனாள், ஆனால் தோட்டமும் பின்னாலிருந்த மரங்களும் அங்கிருந்தே தெரியும். திரும்பி வரும் வழியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இந்த இடத்தை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. மதாமுக்கு நான் சொல் குடுத்திருக்கிறன்.”

“எனக்கென்ன விசரே? மாதா சத்தியமாச் சொல்ல மாட்டன்.”

மாதாவை இழுத்திருக்கவே தேவையில்லை.

மே மாதக் கடைசி ஞாயிறு எங்கள் கோயிலில் மாதா திருநாள். பூசை முடிந்ததும் மண்டபத்தில் ஏலம். ஊரில் போலவே ஆட்கள் நேர்ந்து கொண்டுவரும் பொருட்களை மேசையில் வைப்போம், காசு கோயிலுக்கு. கேக், முட்டை, தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலை, முந்திரிகைப்பழக் குலை, எது வந்தாலும் மேசைக்கு வந்தால் அது மாதாவுடையது. நேர்ந்தவர் திருப்பிக் கேட்க முடியாது. ஏலம் போகும் வரை ஒருவரும் தொடவும் கூடாது. ஏலம் விடுகிறவர் அண்ணன்தான். இந்தச் சட்டத்தில் அவர் வலு கண்டிப்பு, மேசையில் ஒரு பழத்தைப் பிய்த்த குழந்தையையே மைக்கில் ஏசியவர்.

எங்கள் ஏலத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. ஏலக்காரர் பொருளைத் தூக்கிக் காட்டியதும் சனம் “எந்த வளவு?” என்று கத்தும், யார் வீட்டுத் தோட்டத்துப் பொருள் என்று கேட்கிறது. இன்னார் வீட்டுப் பல்கனியில் காய்த்த மிளகாய், இன்னார் கையால் கிண்டிய இனிப்புத் தொதல் என்று அவர் புகழ்ந்து சொல்லச் சொல்லத்தான் விலை ஏறும். அண்ணனுக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்தால் போதும், வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

அந்த வருடம் அண்ணன் குளிர்ப்பெட்டியிலிருந்த காளான் பையை எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்துவிட்டார். அக்னெஸைக் கேட்கவில்லை. மாதாவுக்குத்தானே என்று நினைத்தாராம். மனுசியின் பொருளை எடுத்து மாதாவுக்குக் கொடுத்துத் தான் புண்ணியம் தேடுகிற ஆண்களை எனக்கு நன்றாகத் தெரியும், அண்ணன் முதல் ஆள் இல்லை.

அக்னெஸ் மண்டபத்தின் பின்பக்கத்துக் குசினியில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துடைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் அண்ணனின் குரல் வந்தது.

“இதைப் பாருங்கோ! மாதா தந்த தேன்வதைக் காளான்! வெள்ளைக்காரன் விழுந்து விழுந்து தேடுற சாமான்!”

“எந்த வளவு?” சனம் கத்தியது.

அக்னெஸின் கை நின்றது.

“சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில பழைய அப்பிள் தோட்டம்! பஸ் நிக்கிற இடத்திலயிருந்து நேர போங்கோ, வேலி விழுந்து கிடக்கு, பின்னாலை பட்டை உரிஞ்ச மரங்கள்! அள்ள அள்ளக் குறையாது!”

ஈரக்கையோடு ஓடினாள். நாங்கள் மண்டபத்துக்கு வந்து சேரும்போது, கோயிலில் எப்போதும் முன்வரிசையில் இருக்கிற பிலோமினம்மா பையை ஏலத்தில் எடுத்துவிட்டார். சனம் கைதட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் மேடையிலிருந்து அக்னெஸைப் பார்த்துக் கையசைத்தார். பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை வலன்ரைன் தன் வானில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனான். இவன் கோயில் கமிட்டிக்காரன், எதற்கும் முன்னுக்கு நிற்பவன். அவன் வானுக்குப் பின்னால் இன்னும் கார்கள். அப்போது காளான் காலம் முடிந்துவிட்டது. லைலாக் பூத்து உதிரத் தொடங்கினால் மொறில் இருக்காது. அக்னெஸை ஒருவார்த்தை கேட்டிருந்தால் அது தெரிந்திருக்கும். காணவில்லை என்றதும் இலைச் சருகு முழுவதையும் வறண்டியால் வாரினார்கள். மண்ணைக் கிண்டினார்கள். மரத்துக்குள் ஒளிந்திருக்கும் என்று பட்டையை உரித்தார்கள். பிறகு களைத்துப்போய், வந்தது வீண்போகக் கூடாதென்று அங்கேயே அடுப்பு மூட்டிக் கோழி வாட்டித் தின்றார்கள். பேப்பர்த் தட்டுகளையும் எலும்பையும் அப்படியே போட்டார்கள். மதாம் நாயோடு வந்து கத்தியபோது வலன்ரைன் அவளைச் சமாதானப்படுத்தினானாம். எப்படி? “அக்னெஸ்! அக்னெஸ் ஃபமி!” என்று. அக்னெஸின் குடும்பமாம். இதை அவன் எங்களிடம் பெருமையாக வந்து சொன்னான்.

மறுநாள் அக்னெஸ் றோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு, வீங்கிய காலோடு, தனியாகப் பஸ்ஸில் போனாள். மதாம் கதவைப் பாதி திறந்தாள். பெட்டியை வாங்கவில்லை. உன் சொல்லை நம்பித்தான் உள்ளே விட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அக்னெஸிடம் அதற்குப் பதில் சொல்லப் பிரெஞ்சு இல்லை. தமிழ் இருந்தும் என்ன சொல்வது? என்னுடைய புருசன் சொன்னார், நான் சொல்லவில்லை என்றா? வாசலில் புதுச் சங்கிலியும் பூட்டும் தொங்கின. றோல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள்.

அன்று நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அண்ணன் சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன்.

“ஒரு காளானுக்கு இப்பிடியே? கடையில இல்லாத காளானே?”

“அண்ணை, வாயை மூடுங்கோ!” என்று நான் கத்தினேன். அக்னெஸ் கத்தவில்லை. றோல்ஸ் பெட்டியை மேசையில் வைத்தாள்.

“எனக்குக் காளான் வேண்டாம். இந்த நாட்டில எனக்கெண்டு ஒரு இடம் இருந்தது. அங்கை என்ர சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. ரெண்டையும் மைக்கில வித்துப்போட்டீங்கள்.”

அண்ணனுக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் அடுத்த வாரம் லவாலில் பெரிய கடைக்குப் போய் ஒரு பெட்டி நிறைய வெள்ளைக் காளான் வாங்கி வந்து மேசையில் வைத்திருக்க மாட்டார். அக்னெஸ் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. அது மேசையிலேயே கறுத்து நாறியது. கடைசியில் நான்தான் எடுத்து எறிந்தேன்.

அதற்குப் பிறகு அவள் விருந்தினருக்குச் சமைக்கவில்லை. தனக்கும் அண்ணனுக்கும் மட்டும் உலை வைத்தாள். அப்போதுதான் ஊருக்கு அவள் கோபக்காரி என்று தெரியவந்தது. கோழி தின்று எலும்பு எறிந்தவர்கள் எல்லாரும் அவளுக்குப் புத்தி சொன்னார்கள். விட்டுக்கொடுத்துப் போக வேண்டுமாம். எதைக் கொடுக்க இன்னும் மிச்சம் இருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

டிசம்பரில் நத்தார் ஒன்றுகூடலில் அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “என்ர மனுசி இன்னும் காளான் கோவத்தில இருக்கிறா, எல்லாரும் அவவுக்காகச் செபியுங்கோ” என்றார். மண்டபம் கொல்லென்று சிரித்தது. மன்னிப்புக் கேட்கிறாராம். இரண்டு பேருக்கு நடுவில் இருக்க வேண்டியது எதுவும் அந்த மனுசனுக்கு ஸ்பீக்கரில் வராமல் நிற்காது. அக்னெஸ் சிரிக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. மேசையிலிருந்த அம்பிளிஃபயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மே வந்தது. பஸ் தரிப்பில் லைலாக் மொட்டு விட்டது. அந்த நேரத்தில் அவள் கை சும்மா இருக்காது, கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பாள். அந்த வருடம் எங்கும் போகவில்லை.

மாதா திருநாள் ஏலம் தொடங்கி, கேக் போய், முட்டை போய், கறிவேப்பிலையும் போன பிறகு அக்னெஸ் எழுந்து மேசைக்குப் போனாள். ஏலப் பொருட்களுக்குப் பக்கத்தில் இருந்த அம்பிளிஃபயரின் மீது கையை வைத்து, பூசை வைத்த சுவாமியாரைப் பார்த்தாள்.

“சுவாமி, மைக்கோட இந்தச் செற்றை மாதாவுக்கு நேர்ந்திருக்கிறன். ஏலத்தில விடுங்கோ.”

சுவாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இது அருமையின்ரை எல்லோ பிள்ளை?”

“எங்கட வீட்டுச் சாமான். போன வருசம் காளானும் எங்கட வீட்டுச் சாமானாத்தான் மேசைக்கு வந்தது. அது ஆரின்ரை எண்டு அப்ப ஒருத்தரும் கேக்கேல்லை.”

முன்வரிசையில் இருந்த பிலோமினம்மா, “நேர்ந்தால் நேர்ந்ததுதான் சுவாமி” என்றார். அந்த மனுசியை அன்றுதான் எனக்கு முதன்முதலாகப் பிடித்தது.

முதலில் எல்லாரும் பகிடி என்று சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். பிறகு அக்னெஸின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. கையில் மைக் இருந்தது. மேசைக்கு வந்த பொருளை ஒருவரும் தொடக் கூடாது என்று குழந்தையையே ஏசியவர் அவர். எத்தனையோ கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. மைக்கை மெதுவாக அம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் வைத்தார்.

“எந்த வளவு?” பின்னாலிருந்து யாரோ பழக்கதோஷத்தில் கத்தினார்கள்.

அண்ணன் வாயைத் திறந்தார். குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை. இத்தனை வருடம் மைக்கோடு வாழ்ந்தவருக்குச் சொந்தக் குரல் இவ்வளவுதானா என்று எனக்கே ஒருமாதிரி இருந்தது. அவர் சனத்தைப் பார்க்கவில்லை, அக்னெஸை மட்டும் பார்த்தார்.

“நான் அண்டைக்குச் சொல்லியிருக்கக் கூடாது. அது உம்மட இடம்.”

“கேக்கேல்லை! சத்தமாச் சொல்லுங்கோ!” என்று வலன்ரைன் கத்தினான்.

அக்னெஸ் திரும்பி அவனைப் பார்த்தாள். “கேக்கவேண்டிய ஆளுக்குக் கேட்டிட்டுது” என்றாள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று அண்ணன் நினைத்திருக்க வேண்டும். மைக்கை எடுக்கக் கையை நீட்டினார். அக்னெஸ் அதன் மீது தன் கையை வைத்தாள்.

“கையை எடுங்கோ. ஏலத்தை விடுங்கோ.”

அண்ணன் கையை எடுத்தார். முன்வரிசையில் யாரோ ஒரு விலை கேட்டார்கள். அவர் வெறுங்குரலில், “ஒருதரம்” என்றார்.